செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தவர்கள்

"அந்த ஊர்ல நாய்கூட உக்காந்துதான் குரைக்குமாம்" என்று எனக்குப் பின் இருக்கையில் குருசம்மா மாமி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது, தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் என் காதில் விழுந்தது. யார் சொல்லித் தெரியும் மாமி என்று நான் திரும்பிக் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம், கழுத்தைத் திருப்புகிற தெம்பும் இல்லை. வேம்பாரிலிருந்து நாங்கள் கிளம்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அந்த ஒன்பது நாளில் பதினேழு கோயில்களையும், கண்ணாடிப் பெட்டிகளுக்குள் புனிதர்களின் நான்கு விரல்களையும் ஒரு பல்லையும் ஒரு தாடையையும் பார்த்து முடித்து, ஒவ்வொன்றின் முன்னாலும் முட்டி போட்டு எழுந்து, முப்பத்திரண்டு பேரும் பேருந்தின் ஜன்னல்களில் தலையைச் சாய்த்து, வாய் திறந்து, கரையில் கொட்டிய மீன்களைப் போலக் கிடந்தோம். எங்களை அழைத்துவந்த பங்குத்தந்தை ஃபாதர் சேசையா கையில் மைக்கைப் பிடித்தபடியே, ஜெபமாலையின் மூன்றாவது தேவ இரகசியத்தில் உறங்கிப்போயிருந்தார்.

அம்மா மட்டும் உறங்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்துப் பழகிய உடம்பு அது. பதினோரு வருடத்துக்கு முன் விசைப்படகின் மேல்தட்டிலிருந்து வழுக்கி விழுந்த அப்பாவுக்கு, அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே எதுவும் அசைவதில்லை. முதுகில் புண் வைத்துவிடாமல் இருக்க அவரை இரண்டு மணிக்கு ஒருதரம் இடப்பக்கமும் வலப்பக்கமுமாகப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், அதைப் பகலென்றும் இரவென்றும் இல்லாமல் அம்மாதான் செய்தாள். பங்குத் திருவிழாக் குலுக்கலில் எங்கள் சீட்டுக்கு இரண்டு பேருக்கான திருயாத்திரை விழுந்தபோது, பன்னிரண்டு நாளைக்கு அண்ணனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தை வந்து உட்கார்ந்துகொண்டதால் அம்மா கிளம்பினாள். ஆனால் அவள் உடம்பு கிளம்பவில்லை. தங்கிய ஓட்டல்களில் எல்லாம் இரண்டு மணிக்கு ஒருதரம் எழுந்து, பக்கத்தில் படுத்திருந்த என்னை ஒருக்களித்துப் புரட்டிப்போட்டு, முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தாள். நானும் புரண்டு கொடுத்தேன்.

இத்தனை கோயில்களில் அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான், அது கோயில்கூட இல்லை, கோயிலுக்கு வெளியே சுவரோரமாகக் கிடக்கிற ஒரு கல். அவள் தங்கை, என் தெக்ளா சித்தி, பதினான்கு வருடமாக மோந்தேசோஸ்தா என்ற இத்தாலிய மலையூரின் கன்னியர் மடத்தில் இருக்கிறாள். வந்த வருடமே அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். அம்மா அதை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்து, அப்பா விழுந்த பிறகு மடிப்புகள் கிழிகிறவரை வாசித்திருந்தாள்.

மலையுச்சியில் தண்ணீர் இல்லாத காலத்தில், தியோனெல்லா என்ற வேலைக்காரப் பெண் கீழே ஆற்றிலிருந்து ஊரின் எல்லா வீடுகளுக்கும் குடம் குடமாகச் சுமந்து ஏறிக்கொண்டிருந்தாள் என்றும், ஒருநாள் உச்சிப்பொழுதில் கோயில் சுவரோரக் கல்லில் அவள் இளைப்பாறியபோது, கோபுரம் கட்டிக்கொண்டிருந்த கொத்தன் ஒருவன் சலித்துப்போய் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் என்றும், அடுத்த மணி அடிப்பதற்குள் அவனுடைய களைப்பெல்லாம் கல் வழியாக அவளுக்குள் இறங்கிவிட, அவன் இறகு போல எழுந்து போனான், அவள் ஒரு ஆள் பாரம் கூடுதலாக எழுந்து குடத்தை எடுத்தாள் என்றும் சித்தி எழுதியிருந்தாள். சேதி பரவிற்று. உழுதவன், பிரசவித்தவள், போரிலிருந்து திரும்பியவன், எல்லாரும் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், அவள் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை, பிறகு ஒருநாள் உட்கார்ந்தவள் எழவில்லை. அவள் போன பின்னும் கல் அந்த வேலையை விடவில்லை. கோயில் மணி ஒருதரம் அடிப்பதிலிருந்து அடுத்த தரம் அடிக்கிறவரை, கால் மணி நேரம் உட்கார்ந்தால் போதும், எத்தனை வருடக் களைப்பானாலும் இறங்கிவிடும். 'என்னைக்காவது நீ வந்தா ஒன்னைய அதுல உக்கார வைப்பேன்கா' என்று கடிதம் முடிந்திருந்தது. கல்லில் இறங்கிய களைப்பு பிறகு எங்கே போகிறது என்று சித்தி எழுதவில்லை, அம்மாவும் கேட்கவில்லை.

பேருந்து அடிவாரத்தோடு நின்றுவிட்டது. மேலே முந்நூற்றுப் பதினோரு படிகள். சித்தி கீழே வந்து காத்திருப்பாள் என்று அம்மா மடியில் முறுக்குப் பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், ஆனால் வந்தது ஷைனி என்ற மலையாளக் கன்னியாஸ்திரீ. சிஸ்டர் தெக்ளா உறங்குகிறாள், சாயங்காலம் எழுந்துவிடுவாள் என்றாள். பதினான்கு வருடம் கழித்து அக்கா வருகிற நாளில், மத்தியானம் மூன்று மணிக்கு, என்ன உறக்கம் என்று அம்மா என்னிடம்கூடக் கேட்கவில்லை. பொட்டலத்தைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு ஏறினாள்.

நான் பாளையங்கோட்டையில் தாவரவியல் படித்தவள், எங்கே போனாலும் முதலில் செடியைத்தான் பார்ப்பேன். அந்த ஊரின் சுவர் இடுக்குகளில் முளைத்திருந்த செடிகள் எல்லாம், தண்ணீர் இருந்தும், தொட்டால்சுருங்கி தொடப்பட்டது போல இலைகளைத் தொங்கவிட்டிருந்தன. கோயில் கடிகாரம் இருபது நிமிடம் பிந்தி ஓடியது. நீரூற்றில் தண்ணீர் யோசித்து யோசித்துச் சொட்டியது. சதுக்கத்தின் நடுவில் ஒரு செவலை நாய் எங்களைப் பார்த்து, உட்கார்ந்தபடியே இரண்டு குரைப்பு குரைத்து, மூன்றாவதைப் பாதியில் விட்டுவிட்டது. குருசம்மா மாமி என் தோளில் தட்டி, பார்த்தியா என்பது போலத் தலையசைத்தாள்.

கோயில் கதவருகே ஒரு கரும்பலகை தொங்கியது. அதில் சுண்ணக்கட்டியால் ஏழு கிழமைகள், ஏழு வீட்டுப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் சின்னதாக ஒரு சிலுவை. எங்கள் ஊரில் கடிதம் எழுதும்போது தாளின் தலையில் சிலுவை போட்டுவிட்டுத்தான் தொடங்குவோம், அதைப் போல ஏதோ பக்தி என்று நினைத்துக்கொண்டேன். பலகைக்குக் கீழே ஒரு மர நாற்காலியில், ஒத்தாவியோ என்ற கிழவர் மடியில் சுண்ணக்கட்டிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். முன்பு ரொட்டிக்கடை வைத்திருந்தவராம். கடையை மகளிடம் விட்டுவிட்டு இப்போது பலகையையும் கல்லையும் பார்த்துக்கொள்கிறாராம்.

கல் நீளமாக, ஏழு பேர் உட்காரும் அளவுக்கு இருந்தது. நடுவில் வழவழவென்று தேய்ந்து ஆட்டுரல் போலக் குழிந்திருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, மலையேறுகிற கனத்த பூட்ஸ்களோடு, அதில் சாய்ந்து கிடந்தார்கள். மணி அடித்ததும் எழுந்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, கைகோத்துக்கொண்டு படிகளில் பிள்ளைகளைப் போலத் தாவி இறங்கினார்கள். அதைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் எல்லாரும் கல்லருகே நெருங்கி வந்தார்கள். ஃபாதர் சேசையா சிலுவை வரைந்து ஒரு சின்ன ஜெபம் சொன்னார். பிறகு, யாரும் சொல்லாமலே, எல்லாரும் குனிந்து காலில் கிடந்ததைக் கழற்றினார்கள்.

அப்படித்தானே செய்வோம். புனிதை உட்கார்ந்த இடம், உயிர்விட்ட இடம். குளிருக்காகப் போட்டிருந்த காலுறைகளையும் உருவி ஷூக்களுக்குள் திணித்து, கோயில் சுவரோரமாக முப்பத்தொரு ஜோடியையும் வரிசையாக வைத்தார்கள். நாலு பேர் பார்க்க உட்காருவது எனக்குக் கூச்சம் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் என்னைச் செருப்புகளுக்குக் காவல் வைத்தார்கள். அம்மாவின் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைக் கழற்றி வாங்கியதும் நான்தான். வாழ்நாளில் முதல்முறையாக ஷூ போடுகிறாள், கயிறு கட்டத் தெரியாது, தினமும் நான் முட்டிபோட்டுக் கட்டிவிடுவேன். அம்மா முதல் ஏழு பேரில் ஒருத்தியாக, வெறுங்காலோடு, நடுக்குழியில் போய் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டாள்.

அப்போது ஒத்தாவியோ கிழவர் நாற்காலியிலிருந்து எழுந்ததை நான் பார்த்தேன். எங்கள் ஆட்களின் கால்களைப் பார்த்தார். நிறுத்துங்கள் என்று சொல்லப்போகிறவர் போல வலது கையைத் தோள்வரைக்கும் தூக்கினார். சதுக்கத்தின் நாலு பக்கத்து ஜன்னல்களிலும் முகங்கள் வந்து, அவையும் எங்கள் கால்களைத்தான் பார்த்தன. கிழவர் அந்த ஜன்னல்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கையை இறக்கிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்த சுண்ணக்கட்டிகளை எண்ணத் தொடங்கினார்.

ஏழு ஏழு பேராக எல்லாரும் உட்கார்ந்து எழுந்தார்கள். அம்மா எழுந்தபோது இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி எழுந்தாள். குருசம்மா மாமி எழுந்து இரண்டடி வைத்துவிட்டு, "எறக்கி வச்சாப்ல இல்லியே, ஏத்திவிட்டாப்லல்லா இருக்கு" என்றாள். படியேறி வந்த களைப்பு, போகப் போகச் சரியாகும் என்று ஃபாதர் சேசையா சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கொட்டாவி விட்டார். நான் ஒவ்வொருவருக்கும் அவரவர் செருப்பை எடுத்துக் கொடுத்தேன். சிலருக்குக் குனிந்து போடவே முடியவில்லை.

அதற்குள் ஊர் எழுந்துவிட்டது. கடிகாரத்தின் பெரிய முள் விறுவிறுவென்று ஓடி இருபது நிமிடத்தைப் பிடித்தது. நீரூற்று வாயைத் திறந்து கொட்டியது. ரொட்டிக்கடையில் மாவு பொங்கி மூடிகளைத் தள்ளிக்கொண்டு மேசையில் வழிந்ததை ஒத்தாவியோவின் மகள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். ஊன்றுகோலை நீரூற்றின் விளிம்பில் சாய்த்துவைத்த ஒரு கிழவி அதை மறந்துவிட்டுப் போனாள். இரண்டு வருடமாகச் சண்டை போடத் தெம்பில்லாமல் சும்மா இருந்த இரண்டு அண்ணன் தம்பிகள், விட்ட இடத்திலிருந்து அந்தச் சண்டையைத் தொடர்ந்தார்கள், ஜனங்கள் சுற்றி நின்று கைதட்டினார்கள். செவலை நாய் நான்கு காலில் நின்று, எதற்கென்றில்லாமல், சாயங்காலம் வரைக்கும் குரைத்தது. ஊர்த்தலைவியான ஒரு அம்மாள் தோளில் பட்டுப் பட்டையோடு வந்து, ஃபாதர் சேசையாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்கள் ஜனத்தின் பக்தி எங்களை உருக்கிவிட்டது, வருடத்துக்கு ஒருமுறை, முடிந்தால் இரண்டுமுறை, இப்படி ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும், தங்க இடமும் சாப்பாடும் ஊர்ப்பொறுப்பு என்றாள். ஷைனி சிஸ்டர் அதைத் தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். ஃபாதர் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, சந்தோஷம், கட்டாயம் வருகிறோம் என்றார்.

மடத்துச் சாப்பாட்டு மேசையில் எங்கள் ஆட்கள் சூப்புக் கிண்ணங்களுக்கு மேலே தலைதொங்க உட்கார்ந்திருந்தபோது சித்தி வந்தாள். கதவில் நின்றவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாவுக்கு எட்டு வயது இளையவள், பார்த்தால் மூத்தவள் போல இருந்தாள். ஒரு கையில் செருப்பைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நின்றாள். அம்மா எழுந்து போய் அவள் முகத்தைத் தடவினாள். சித்தி அக்காவின் தோளுக்கு மேலாக மேசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம் வந்தாள், மேசையில் விழித்திருந்தது நான் ஒருத்திதான்.

"கல்லு காலியா இருக்கு. யாருட்டி உக்காந்தது?"

"எல்லாரும்தான் சித்தி. நான் மட்டும் செருப்புக்குக் காவல்."

"செருப்புக்கா?"

"கழத்தி வச்சிட்டுத்தான உக்காந்தாங்க. புனிதை உக்காந்த எடம்லா."

சித்தி மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள், கண்ணில் நீர் வருகிறவரை, சத்தமே இல்லாமல் சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

செருப்புக் காலோடு உட்காருகிறவர்கள் கல்லில் களைப்பை இறக்கிவைக்கிறார்கள். தியோனெல்லா ஆயுளில் செருப்புப் போட்டவள் இல்லை. ஆகவே வெறுங்காலோடு யார் உட்கார்ந்தாலும் கல் அவர்களை அவளென்றே எண்ணி, தன்னிடம் இருப்பதை எல்லாம் அவர்கள் மேல் ஏற்றிவிடும். இங்கே வருகிறவர்கள் யாரும் பொது இடத்தில் செருப்பைக் கழற்றுவதில்லை, அதனால் இத்தனை நூற்றாண்டில் இப்படி ஒரு தவறு நடந்ததே இல்லை. கல்லை நிறையவிட்டால் பாரம் ஊருக்குள் கசியும், கடிகாரம் பிந்தும், மாவு பொங்காது. அதற்காக ஊரார் எப்போதோ ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் திருவிழாவின் பத்து நாளையும் பத்துக் குடும்பங்கள் பங்குபோட்டுக்கொள்வது போல, இங்கே ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீட்டார் வெறுங்காலோடு போய் உட்கார்ந்து, அன்றைக்கு வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் முழுக்கப் படுத்திருப்பார்கள், மூன்றாம் நாள் எழுந்து வேலைக்குப் போவார்கள். நூற்று இருபது வீடு இருந்தபோது ஒரு வீட்டுக்கு வருடத்தில் மூன்று நாள்தான் வந்தது.

அம்மா பக்கத்தில் வந்து கேட்டாள். "நாளைக்கு செருப்போட உக்காந்தா எறங்கிருமா?"

"எறங்கிரும்கா."

"எல்லாமே?"

"இன்னைக்கு ஏறினது, பதினோரு வருசத்தது, எல்லாமே."

"பொறவு யாரு எடுப்பா?"

"முறை இருக்குலா. ஊர்க்காரங்க எடுத்துக்குவாங்க" என்றாள் சித்தி. அப்போது, தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஷைனி சிஸ்டரின் கை ஒரு கணம் நின்று, பிறகு அடுக்கியதை நான் பார்த்தேன்.

சமையலறையில் பாத்திரம் துடைத்துக் கொடுக்கப் போனபோது, பலகையில் பெயர்களுக்குப் பக்கத்தில் சிலுவை எதற்கு என்று அவளிடம் கேட்டேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு ஒன்பது தட்டுத் துடைக்கிற நேரம் ஆயிற்று. "சிலுவ இட்டால் மடம்னு அர்த்தம் மோளே" என்றாள். வீட்டார் வெளியூர் போனால், உடம்பு சரியில்லாமல் இருந்தால், அவர்கள் நாளை மடத்துக் கன்னியர் எடுத்துக்கொள்வது பழைய வழக்கம். முன்பெல்லாம் மாதத்தில் ஒரு சிலுவை விழும். பிறகு பிள்ளைகள் நகரங்களுக்குப் போனார்கள், அவர்களைத் தேடிப் பெற்றோர் போனார்கள், இருக்கிறவர்களுக்கும் முட்டிவலி, பேரக்குழந்தைகள், கடை. கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மடத்துக்குக் கேக் வருகிறது, தவறாமல் வருகிறது. மடத்தில் மிஞ்சியிருப்பது மூன்றே பேர், தலைவியான மதருக்கு எண்பத்தெட்டு வயது. ஷைனிக்கு இருதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. "பின்னே யாரு?" என்று என்னையே கேட்டுவிட்டு அவள் குழாயைத் திறந்தாள். இரண்டு வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் சித்திதான். ஒருத்தியால் முழுவதையும் எடுக்க முடியாமல் மிஞ்சியதுதான் ஊருக்குள் கசிந்து, இன்றைக்கு எங்கள் ஆட்கள்மேல் ஏறியது.

அறைக்கு வந்தபோது அம்மா தன் வெள்ளை ஷூவின் சேற்றை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் கயிற்றை நன்றாக இறுக்கிக் கட்டிவிடு, பாதியில் கழன்றுவிட்டால் வம்பு என்றாள். பதினோரு வருடத்தில் அம்மா மறுநாளைப் பற்றி ஆசையாகப் பேசி நான் கேட்டதில்லை. சொல்ல வாய் எடுத்தேன். சரிம்மா என்றேன்.

மறுநாள் காலை சித்தி எங்கள் ஆட்களைச் சதுக்கத்துக்குக் கூட்டிவந்து, பத்து மணிக்குப் பேருந்து, அதற்குள் எல்லாரும் செருப்போடு ஒருதரம் உட்கார்ந்து வைத்துவிட்டுப் போங்கள் என்று சொன்னாள். யாரும் அசையவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"செருப்புக் காலோடயா?" என்றாள் குருசம்மா மாமி. "அந்த அம்மா மேலயா? அதுக்கு நான் சுமந்துட்டே போறேன் சிஸ்டர். ஏற்கெனவே இருக்கிறதோட இதுவும் கெடந்துட்டுப் போவுது."

அது பாவம் இல்லை என்று சித்தி சொன்னாள், ஃபாதர் சேசையாவும் சொன்னார். முதலில் நீங்கள் உட்காருங்கள் சாமி என்றார்கள். ஃபாதர் கல்வரைக்கும் போனார். தன் கறுப்பு ஷூக்களைப் பார்த்தார், கல்லில் இருந்த குழியைப் பார்த்தார், குனிந்து அதைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்திசெய்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அதன்பிறகு யாரையும் கேட்பதற்கில்லை. முப்பது பேரும் அடுத்தவர்களின் பாரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒருதரம் நின்று, பேருந்துக்கு இறங்கத் தொடங்கினார்கள். பின்னால் வேம்பாருக்கு வந்து சேர்ந்தும் அது அவர்களை விடவில்லை. எங்கள் தெருவில் இன்றைக்கும் யாராவது நடுவேலையில் உட்கார்ந்துவிட்டால் 'இத்தாலிக் களைப்பு' என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுப் பேசுவார்கள்.

அம்மா மட்டும் நின்றாள். "எனக்கு வெக்கமும் இல்ல, பயமும் இல்ல. அந்த அம்மா என்னைய மன்னிப்பா" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு, நான் கட்டிவிட்ட ஷூக்களோடு கல்லை நோக்கி நடந்தாள்.

திங்கட்கிழமை. ஒத்தாவியோ கிழவர் பழைய வாரத்தை அழித்துவிட்டு, புதிய வாரத்தைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். நேற்றைய சாயங்காலத்துக்குப் பிறகு ஊரே துள்ளிக்கொண்டிருந்தது, ஜன்னல்களில் விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தார்கள், யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். கிழவர் ஏழு பெயர்களை எழுதினார். திங்களுக்கு முதல் பெயர், கிரெஷென்சி வீடு. பிறகு மேலிருந்து கீழே, அவசரமில்லாமல், ஏழு சிலுவைகளைப் போட்டார்.

அம்மா கல்லின் மேல் ஒரு கையை வைத்து உட்காரக் குனிந்தாள். நான் பேசினேன். சதுக்கம் முழுக்கக் கேட்கும்படி என் குரல் வந்தது எனக்கே தெரியவில்லை.

"அம்மா, அந்தச் சிலுவை எல்லாம் சித்தி."

அம்மா குனிந்தபடியே நின்றாள். பிறகு நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

"அவ என்ன சொல்லுதா தெக்ளா?"

சித்தி நீரூற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன் காலக் காட்டு."

சித்தி காட்டவில்லை. அம்மா குனிந்து, குதிரைக்கு லாடம் பார்க்கிறவர்களைப் போல, அவள் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கால் கல்லின் நிறத்தில், கல்லைப் போலவே வெடித்து இருந்தது.

"நீ உக்காரு எக்கா" என்றாள் சித்தி. "வந்த நாளா ஒன்னைய இதுல உக்கார வைக்கணும்னுதான் கெடக்கேன். ஒன்னோடத நான் எடுத்தா என்ன? ஒரு வாரம் படுத்துக் கெடப்பேன், அவ்ளோதான்."

"வீட்டுல ஒருத்தரு படுத்துக் கெடக்காரு" என்றாள் அம்மா. "போதும்."

கீழேயிருந்து பேருந்தின் ஹாரன் கேட்டது. அம்மா நின்றபடியே ஒரு காலால் மறுகாலின் குதிகாலை மிதித்து, நான் இறுக்கிக் கட்டியிருந்த ஷூக்களை உருவினாள். சித்தியின் தோள்களைப் பிடித்துக் கல்லின் நடுக்குழியில் உட்கார வைத்தாள். எனக்கு இறக்கிவைத்துப் பழக்கமில்லை எக்கா, விடு என்று சித்தி எழப் பார்த்தாள். அம்மா ஒரு கையால் அவளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவள் காலில் ஷூக்களை மாட்டினாள். கயிறு கட்டத் தெரியாததால் வலை முடிச்சாகப் போட்டாள், ஒன்றுக்கு இரண்டாக, கத்தி வைத்துத்தான் அறுக்க முடியும்படி. அப்போது மணி அடித்தது.

முதலில் சித்தியின் கைகள் மடியிலிருந்து நழுவின. பிறகு தலை சுவரில் சாய்ந்தது. பிறகு, எட்டு வயதில் அம்மாவின் முதுகில் தொங்கிக்கொண்டு உறங்குவாளாம், அப்படி, வாய் திறந்து உறங்கிப்போனாள். அவள் தலைக்கு மேலே சுவரில் இருந்த செடி ஒவ்வொரு இலையாகத் தொங்கவிட்டது. ஜன்னல்களில் பாட்டு நின்றது. செவலை நாய் சதுக்கத்தின் நடுவுக்கு வந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, உட்கார்ந்தது. ரொட்டிக்கடை வாசலில் ஒத்தாவியோவின் மகள் மாவு அப்பிய கைகளோடு நின்று தன் அப்பாவைப் பார்த்தாள். கிழவர் எழுந்து, நேற்றைப் போலவே வலது கையைத் தோள்வரைக்கும் தூக்கினார்.

அம்மா பதினோரு வருடத்தையும், அதற்குமேல் நேற்று ஏறியதையும் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு மெல்ல நடந்து அவரைக் கடந்து போனாள். பலகைக்கு முன்னால் நின்று நெஞ்சில் சிலுவை வரைந்துகொண்டாள். பிறகு முந்தானையின் நுனியை வாயில் வைத்து நனைத்து, திங்களிலிருந்து ஞாயிறு வரைக்கும், பெயர்களில் கை படாமல், ஒவ்வொரு சிலுவையாக அழித்தாள்.